ஐஸ் வியர்க்கும் வரை

1

இந்த ஊருக்கு வந்து பன்னிரண்டு ஆண்டு முடிந்த அன்றைக்குக் காலையில் நல்ல பனிமூட்டம். சமையலறை ஜன்னலுக்கு வெளியே வாய்க்கால் தெரியவில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மேயும் மாடுகளும் தெரியவில்லை. ஒரு படகின் சத்தம் மட்டும் இடமிருந்து வலமாகப் போய்த் தேய்ந்தது. கையில் காப்பியோடு, நெய்வேலியில் இருக்கிறேனா நெதர்லாந்தில் இருக்கிறேனா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றேன். அப்படித் தெரியாமல் நிற்பது எனக்குப் பிடிக்கும். யாராவது கூப்பிடும் வரை நிற்பேன்.

நான் இருக்கும் ஊர் கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. ராத்திரி பகல் பாராமல் தண்ணீரை இறைத்து வெளியே விட்டால்தான் இங்கே வீடும் ரோடும். வந்த புதிதில் ஆய்வகத் தோழி ஒருத்தி இதைச் சொல்லி என்னைப் பயமுறுத்தப் பார்த்தாள். யாரிடம் வந்து சொல்கிறாள்! எங்கள் சுரங்கத்திலும் அதே கதைதான். பூமிக்கடியிலிருந்து முட்டிக்கொண்டு வரும் தண்ணீரை இறைக்காமல் விட்டால் பழுப்பு நிலக்கரியும் இல்லை, கரன்டும் இல்லை, என் அப்பாவுக்குச் சம்பளமும் இல்லை. பம்பு ஓடும் ஊரிலிருந்து பம்பு ஓடும் ஊருக்கு வந்திருக்கிறேன் என்றேன். அவளுக்குப் புரியவில்லை, சிரித்து வைத்தாள்.

என் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். படிப்பால் டாக்டர், ஆனால் ஊசி போட்டுப் பல வருஷமாகிறது. ஊசிக்குள் போகும் மருந்தை உருவாக்கும் கூட்டத்தில் ஒருத்தி. அதிலும் உறைந்து போனாலும் கெடாத தடுப்பூசிதான் எங்கள் குழுவின் வேலை. தடுப்பூசி சூட்டில் கெடும் என்பது எல்லோருக்கும் தெரியும். சிலவகைத் தடுப்பூசிகள் ஒரே ஒருமுறை ஐஸானாலும் கெட்டுப்போகும் என்பது பலருக்குத் தெரியாது. உருகிய பிறகு பார்க்க மருந்து மாதிரியே இருக்கும். பிள்ளை வீறிட்டு அழும், தாய் தட்டிக்கொடுப்பாள், அட்டையில் டிக் விழும். உள்ளே போனதில் மட்டும் சக்தி இருக்காது.

இதற்கு ஒரு மாற்றுக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒன்பது வருஷம் பிடித்தது. அதில் பாதி வருஷம் தோற்றுப்போவதிலேயே கழிந்தது. உறைய வைப்போம், உருக வைப்போம், எலிக்குப் போடுவோம், ஒன்றும் தேறாது, திரும்பவும் உறைய வைப்போம். இப்போது ஒருவழியாக மனிதர்களுக்குப் போட்டுப் பார்த்த முதல் கட்டச் சோதனை நல்லபடியாக முடிந்திருக்கிறது. அதைக் கொண்டாட, என்னை வைத்து ஒரு குறும்படம் எடுப்பதாக ஆய்வகத்தில் முடிவு செய்தார்கள். வம்பு அங்கே ஆரம்பித்தது.

2

இந்த நாட்டில் மூச்சு விடுவதற்கு மட்டும்தான் படிவம் இல்லை. முதன்முதலில் நகராட்சி அலுவலகத்தில் பெயர் பதியப் போனபோது, என் பிறப்புச் சான்றிதழில் பிளாக் என்றும் ஒரு நம்பரும் இருப்பதைப் பார்த்த கவுன்ட்டர் அம்மாள், குரலைத் தாழ்த்தி, "நீங்கள் சிறைச்சாலையில் பிறந்தீர்களா?" என்று மிகுந்த மரியாதையோடு கேட்டாள். பிளாக் பிளாக்காகப் பிரித்த எங்கள் சுரங்க டவுன்ஷிப்பை அவளுக்கு விளக்குவதற்குள் எனக்குத் தெரிந்த டச்சு மொழி முழுவதும் தீர்ந்துபோனது. அதற்குள் அவள் என் இனிஷியலை நீட்டி, அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராக ஏற்றிவிட்டாள். ஜெசிந்தா என்று இங்கே என்னை யாரும் கூப்பிடுவதில்லை. நான் டாக்டர் அந்தோணிசாமி. ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, சுரங்கத்தில் மண்வெட்டும் இயந்திரம் ஓட்டிய மனிதரின் பெயர் ஆராய்ச்சிக் கட்டுரைகளில் அச்சாகிறது. இருந்திருந்தால் லேமினேட் செய்து மாட்டியிருப்பார்.

குறும்படத்துக்கும் ஒரு படிவம் வந்தது, மூன்று பக்கம். என்னைப் பேட்டி எடுப்பார்கள். கூடவே, நான் எல்லா மேடையிலும் சொல்லும் எங்கள் ஊர்ப் பக்கத்து நர்ஸம்மாவையும் வீடியோவில் பேச வைக்க வேண்டுமாம். அவருக்காகப் படிவத்தை நானே தமிழில் எழுதினேன். கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். "இதில் சொல்லப்படும் நிகழ்ச்சிகள் உண்மையானவை, முழுமையானவை என்று உறுதி கூறுகிறேன்." கீழே இரண்டு கோடு. ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு.

உண்மையானவை என்பதைத் தயங்காமல் எழுதினேன். முழுமையானவை என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.

3

அஞ்சலை நர்சக்காவைப் பற்றி மேடையில் சொல்வதை முதலில் உங்களுக்கும் சொல்கிறேன்.

முத்தாண்டிக்குப்பத்துப் பக்கம் நாலைந்து கிராமங்களுக்கு அவர்தான் நர்ஸ். தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போன குடும்பம். அதில் அரசாங்க வேலைக்கு வந்த முதல் ஆள். அவருடைய தம்பி சுரங்கத்தில் கான்ட்ராக்டில் இருந்தார், அப்பாவின் ஷிப்டு. அந்தப் பழக்கத்தில் நர்சக்காவும் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்து போனார்.

புதன்கிழமை தடுப்பூசி நாள். முந்திரித் தோப்புக்கு வேலைக்குப் போகும் பெண்கள் விடிந்ததும் கிளம்பிவிடுவார்கள். அதற்குள் பிள்ளைகளைப் பிடித்தாக வேண்டும். அதனால் மருந்தைச் செவ்வாய்க்கிழமையே வாங்கி வந்துவிடுவார். வைப்பதற்கு இடம் வேண்டுமே. அவர் ஊரில் கரன்ட் வந்தால் வந்தது, இல்லாவிட்டால் இல்லை. எங்கள் டவுன்ஷிப்பிலோ கரன்ட் போனதாக எனக்கு ஞாபகமே இல்லை. சாயங்காலமானால் நேர்கோடாக ஓடும் தெருக்களில் விளக்குகள் வரிசையாக எரியும். மரங்களுக்குப் பின்னால் புகைபோக்கிகளின் வெண்புகை மேகத்தோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். வீட்டுக்குள் ஃப்ரிட்ஜ் ஓயாமல் முனகிக்கொண்டிருக்கும். அந்த முனகலில்தான் நான் தூங்கி வளர்ந்தேன்.

அரசாங்க மருந்தைத் தனியார் வீட்டில் வைக்கக் கூடாது. அது அவருக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். கேட்ட அன்றைக்கே அம்மா நடுத்தட்டைக் காலி செய்து, சோப்புப் போட்டுத் துடைத்து, அதன்மேல் ஒரு சிலுவையும் போட்டுவிட்டார். போலியோ சொட்டு மருந்து மேலே ஐஸ் அறைக்குப் போகும். முத்தடுப்பு ஊசி மருந்து கீழே நடுத்தட்டுக்கு. அதுதான் தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி மூன்றுக்கும் போடுவது. வைத்து முடித்ததும் நர்சக்கா என் பக்கம் திரும்பி, "இது மேல, இது கீழ. யாரும் தொடக் கூடாது பாப்பா, நீ கூட," என்பார்.

புதன் விடியலில் அவர் வரும்போது நான் எழுந்திருப்பேன். மருந்துப் பெட்டிக்குள் வைக்கும் ஐஸ்பேக்குகளும் எங்கள் ஐஸ் அறையில்தான் உறையும். அவற்றை எடுத்து, பாத்திரம் கழுவும் சிமென்ட் மேடைமேல் வரிசையாகப் படுக்க வைப்பார். மேலே வெண்பனி படர்ந்து, பிறகு கலைந்து, மெல்ல முத்து முத்தாக வியர்க்கும். அதுவரை காத்து நிற்பார். அப்புறம் ஒவ்வொன்றாக எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்குவார். உள்ளே தண்ணீர் ஆடும் சத்தம் கேட்டால் பெட்டிக்குள். கேட்காவிட்டால் திரும்ப மேடைமேல். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். ஜன்னல் வழியாக வரும் காலை வெளிச்சத்தில் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல இருக்கும்.

"உங்களுக்கு இந்த யோசனை எப்படி வந்தது?" என்று யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். ஐஸைக் கேட்ட பெண். அந்த ஒரு காட்சிக்கு எந்த ஊர் அரங்கமும் அமைதியாகிவிடும். முடித்ததும் கைதட்டுவார்கள்.

4

மேடையில் சொல்லாதது இது.

எனக்குப் பத்து வயது. மே மாதம், பள்ளிக்கூட லீவு. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் காடாம்புலியூரிலிருந்து மாமா ஒரு பலாப்பழத்தைப் பஸ்ஸில் கொண்டுவந்து இறக்கினார். அம்மா எண்ணெய் தடவிய கையோடு உட்கார்ந்து இரண்டு பெரிய பாத்திரம் நிறையச் சுளை எடுத்தார். நர்சக்கா வந்து மருந்தை வைத்துவிட்டுப் போனார். மாதா வணக்க மாதம் என்பதால் அம்மா ஜெபமாலைக்குப் பக்கத்து பிளாக் போய்விட்டார். "சுளைய ஃப்ரிட்ஜ்ல வெச்சிடு ஜெசி, வெயிலுக்குப் புளிச்சிடும்," என்பது எனக்கு இட்ட வேலை.

பாத்திரம் உள்ளே போகவில்லை. மருந்து டப்பா வழியை மறித்தது. நான் யோசித்தேன். அந்த வயதில் என் யோசனைகள்மேல் எனக்கு அபார நம்பிக்கை. ஒரு மருந்தை மேலே ஐஸில் வைக்கலாம் என்றால் இன்னொரு மருந்தையும் வைக்கலாம்தானே? ஜில்லென்று இருப்பது நல்லது, இன்னும் ஜில்லென்று இருப்பது இன்னும் நல்லது. ஃப்ரிட்ஜ் நிற்காமல் ஓடும் ஊரில் வளர்ந்த பிள்ளைக்குக் குளிர் ஒரு தப்பும் செய்யாது. முத்தடுப்பு ஊசி டப்பாவைத் தூக்கி ஐஸ் அறையில் வைத்தேன். சுளைப் பாத்திரங்கள் நடுத்தட்டில் ஜம்மென்று உட்கார்ந்தன.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு வீடும் அக்கம்பக்கமும் சேர்ந்து சுளையைத் தீர்த்தோம். இடம் காலியானதும் டப்பாவைப் பழையபடி இறக்கி வைத்தேன். தொட்டது தெரிந்தால் திட்டு விழுமே. உள்ளே எட்டிப் பார்த்தேன், குப்பிகள் கல் மாதிரி ஆகியிருந்தன. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நர்சக்காவுக்குத் தெரியாமலே ஒரு உபகாரம் செய்த மாதிரி நினைத்துக்கொண்டு தூங்கப் போனேன். காலையில் அவர் வந்தபோது எல்லாம் உருகி, மருந்து மருந்தாகவே இருந்தது.

பத்து வருஷம் கழித்து, மருத்துவக் கல்லூரியில் ஒரு வகுப்பு. பேராசிரியர் இரண்டு குப்பிகளைக் குலுக்கி மேசைமேல் வைத்தார். ஒன்று பால் போலவே நின்றது. இன்னொன்றில் வெள்ளை மாவு அடியில் இறங்கி, மேலே தண்ணீர் தெளிந்தது. "இது உறைந்து உருகியது, இனி எதற்கும் ஆகாது," என்றார். அந்தக் கணம் வகுப்பறை முழுக்க எனக்குப் பலாப்பழ வாசனை அடித்தது.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வீட்டில் மருந்து வைத்த விஷயம் வெளியே வரும், நர்சக்காவின் வேலைக்கு ஆபத்து, அம்மா உடைந்துபோவார் என்றெல்லாம் எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். காரணங்கள் நல்ல காரணங்கள்தான். ஆனால் அம்மா இறந்தார், நர்சக்கா ஓய்வு பெற்றார், நான் கடல் தாண்டினேன், எந்தக் காரணமும் மிச்சமில்லாத பிறகும் நான் சொல்லவில்லை. பயம், அவ்வளவுதான். உறைந்தாலும் கெடாத மருந்தைத் தேடி ஒன்பது வருஷம் ஏன் ஓடினேன் என்று இப்போது உங்களுக்குப் புரியும்.

5

என் மகள் நிலாவுக்குப் பதிமூன்று வயது. அவளுடைய தமிழ் சாப்பாட்டு மேசையோடு சரி. பருப்பு, தயிர், போதும், வேண்டாம். கோபம் வந்தால் டச்சு, சந்தோஷம் வந்தால் டச்சு. தமிழில் கனவு வருமா என்று ஒருநாள் கேட்டேன். "கனவில் யாரும் என்னோடு தமிழ் பேசுவதில்லை," என்றாள், டச்சில்.

போன வருஷம் பள்ளிக்கூடத்தில் தன் குடும்பத்தைப் பற்றிப் பேசச் சொன்னபோது, ஐஸைக் கேட்ட பெண்ணைப் பற்றி அவள் பேசினாள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். காதருகே கையை வைத்து, கண்ணை மூடி, அப்படியே நடித்துக் காட்டினாள். எங்கள் ஊரிலிருந்து அவளிடம் போய்ச் சேர்ந்தது அது ஒன்றுதான். அதையும் நான் பாதியாகக் கொடுத்திருக்கிறேன்.

படிவம் ஒரு வாரம் மேசைமேல் கிடந்தது. "கையெழுத்துப் போடவில்லையா?" என்று தினமும் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நர்சக்காவுக்குப் போன் செய்தேன்.

6

ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் பூப்போட்ட வாழ்த்து அனுப்புவார் நர்சக்கா. நான் கைகூப்பும் படம் ஒன்றைத் திருப்பி அனுப்புவேன். முகம் பார்த்துப் பேசி வருஷக்கணக்காகிவிட்டது. அங்கே மத்தியானம். முடி முழுக்க நரைத்திருந்தது, குரல் அதே குரல்.

"பாப்பா! இன்னா இப்பிடி எளச்சிப் போயிட்ட? அங்க சோறு கெடைக்குமா கெடைக்காதா?"

நிலாவைப் பக்கத்தில் இழுத்தேன். "வணக்கம். நீ எப்படி இருக்க?" என்றாள். நான் பல்லைக் கடித்தேன். நர்சக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "நல்லா கீறேன்டி கண்ணு. உங்கம்மாவும் சின்னதுல என்னை நீ வா போன்னுதான் கூப்புடும்." அதற்குமேல் பேச ஒன்றுமில்லாமல் நிலா மாடிக்குப் போய்விட்டாள்.

படிவத்தைப் படித்துக் காட்டினேன். ஒவ்வொரு வரிக்கும் "சரி, சரி" என்று தலையாட்டினார். கடைசி வரிக்கு வந்ததும் தாளைக் கீழே வைத்தேன்.

"நர்சக்கா, ஒண்ணு சொல்லணும். திட்டுனாலும் பரவாயில்ல."

சொன்னேன். மாமா, பலாப்பழம், ஜெபமாலை, பாத்திரம், டப்பா, ஐஸ் அறை. இருபது வருஷம் தூக்கிக்கொண்டு திரிந்ததைச் சொல்லி முடிக்க இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அவர் முகம் அசையவே இல்லை. படம் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன். பின்னால் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"மே மாசம்," என்றார் கடைசியில். "மாதா கோயில்ல பாட்டு போட்டுகினு இருந்தாங்க. பதினோரு புள்ளைங்க."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம? ஊசி போட்டு முடிச்சி நோட்டுல எழுதிகினு இருந்தேன். நிமுந்து பாக்கறேன், மிச்ச மருந்துல மாவு அடியில எறங்கி மேல தண்ணியா நிக்குது. ட்ரெயினிங்ல காட்டி இருக்காங்களே. ஈரக்கொலையே ஆடிப்போச்சி. ஐஸ எடுத்த கையோட பொட்டியில அடுக்கிகினு ஓடுவேன் அப்பல்லாம். பஸ்ஸ புடிக்கணுமே. ஐஸ் மருந்து மேல ஒட்டிகினு ஒறைய வெச்சிடுச்சி, நாமதான் கெடுத்துட்டோம்னு நெனச்சேன்."

"யார்கிட்டயும் சொல்லலியா?"

"சொன்னா வேல போயிடும். எங்க வூட்ல மொத மொத கெடச்ச வேல. ஆனா வுட்டுடல பாப்பா. மறுமாசம் வூடு வூடா போயி, கவுருமென்ட்டு எக்ஸ்ட்ரா ஊசி குடுத்துருக்குன்னு பொய் சொல்லி மறுபடியும் போட்டேன். பத்து புள்ளைங்களுக்குப் போட்டுட்டேன். ஒண்ணுதான் கெடைக்கல. முந்திரி முடிஞ்சி செங்கல் சூளைக்குப் போயிட்டாங்க. பொம்பளப் புள்ள, பேருகூட வெக்கல. அம்மா பேர வெச்சி செல்வி பாப்பான்னு எழுதி வெச்சிருந்தேன். அந்தம்மா முகம் இப்பவும் கண்ணுலயே நிக்குது."

நான் டாக்டர் குரலுக்கு மாறினேன். மற்ற தவணைகள் போட்டிருப்பார்கள், ஒரு தவணை பலிக்காமல் போனாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்றேன்.

"அது எனக்கும் தெரியும். தெரிஞ்சா ஆச்சா? அதுலேருந்துதான் ஐஸ காதுல வெச்சிக் கேக்க ஆரம்பிச்சேன். தண்ணி ஆடுற சத்தம் கேக்காத வரைக்கும் கை வராது. ரிட்டயர் ஆவுற வரைக்கும் அப்பிடித்தான். சின்னப் பொண்ணுங்கல்லாம் கேலி பண்ணும்."

எத்தனை அரங்கங்களில் அந்த மூடிய கண்களை நான் வர்ணித்திருக்கிறேன்! அது அழகு இல்லை, பயம். அந்தப் பயத்தை அவருக்குக் கொடுத்தவள் நான். கொடுத்துவிட்டு, அதையே பார்த்து ரசித்து, ஊர் ஊராகச் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். வெட்கத்தில் கேமராவைப் பார்க்க முடியவில்லை.

"பாப்பா, இங்க பாரு," என்றார் நர்சக்கா. இப்போது குரலில் பழைய கறார். "டப்பாவ எப்ப மேல வெச்ச?"

"நீங்க போன ஒடனே."

"எப்ப எறக்கின?"

"சாப்ட்டப்புறம். அஞ்சு மணி நேரம் இருந்திருக்கும்."

"கையில எடுக்கும்போது கெட்டியா இருந்துச்சா?"

"கல்லு மாதிரி."

"அப்ப நான் வர்றதுக்கு முன்னாலயே செத்துப்போச்சி அது," என்றார். பிறகு மிக மெதுவாக, "அப்ப என் பொட்டியில இல்லியா?" என்று கேட்டார்.

"இல்ல நர்சக்கா."

போனைக் கட்டில்மேல் வைத்துவிட்டார் போலிருக்கிறது. திரையில் மின்விசிறியும் கூரையும் மட்டும் தெரிந்தன. குரல் கேட்டது.

"ஏங்க. இங்க வாங்களேன். அந்த ஊசி, நான் கெடுக்கலியாங்க."

"எந்த ஊசி?" என்றது ஒரு முதிய ஆண் குரல், அவருடைய கணவர்.

"எந்த ஊசியா? முப்பது வருசமா சொல்லிகினு கெடக்கறனே, அந்த ஊசி. என் பொட்டியில இல்லியாம். நான் இல்லியாங்க, நான் இல்லியாம்."

அப்புறம் அழுகைச் சத்தம். பெரிய மனுஷியின் அழுகை, குழந்தை மாதிரி விட்டு விட்டு. நானும் இங்கே அழுதேன். வாய்க்கால் மேல் வெயில் வந்திருந்தது.

சத்தம் கேட்டு நிலா படியிறங்கி வந்தாள். திரையில் சுற்றும் மின்விசிறியையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, போனில் கேட்கும் குரலைக் கொஞ்ச நேரம் கூர்ந்து கேட்டாள். பிறகு தமிழில், ஒவ்வொரு சொல்லாகத் தேடி, "அம்மா, அவங்க நான் இல்ல, நான் இல்லன்னு சொல்றாங்க. அப்போ யாரு?" என்று கேட்டாள்.

"நான்தான் நிலா," என்றேன்.